ரோபோ போட்டி: ஆட்டோவில் வண்டி சொன்னபடி ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு பள்ளியின் ரோபோ அணிக்கு வார இறுதிகளில் நிரல் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். பிள்ளைகள் ரோபோ என்று சொல்வதே இல்லை, வண்டிதான். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் போட்டிக்காகக் கட்டிய வண்டி. அந்தப் போட்டியில் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் 30 விநாடி யாரும் கேம்பேடை, அதாவது வண்டியை ஓட்டும் கைப்பட்டன் பெட்டியை, தொடக்கூடாது. எழுதி ஏற்றிய நிரல் மட்டுமே வண்டியை ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் 2 நிமிடம் பிள்ளைகள் கையில் வரும். இந்த 30 விநாடியைத்தான் 'ஆட்டோ' என்கிறோம்.

இங்கே சொல்வதெல்லாம் வண்டியின் மூளையான ரெவ் கன்ட்ரோல் ஹப்பில் ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு. கட்டங்களை இழுத்துப்போட்டு நிரல் எழுதும் பிளாக்ஸில் செய்கிறவர்களுக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

"அண்ணே, நேத்து ஓடுச்சு, இன்னிக்கு ஓடலண்ணே" என்று வந்து நிற்கும் பிள்ளை, பதில் வருவதற்குள் லேப்டாப்பைத் திறந்து தூரத்தை 20-இல் இருந்து 22 ஆக்கியிருக்கும். இதை நான் அனுமதிப்பதில்லை. வண்டி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் நிரலில் ஒரு எண்ணைக்கூட மாற்றக்கூடாது. அதனால் எந்த ஆட்டோ நிரலாக இருந்தாலும் டெலிமெட்ரியில் (வண்டி திரைக்கு அனுப்பும் தகவல்) இவற்றைக் கட்டாயம் எழுதச் சொல்வேன்: நான்கு சக்கர என்கோடர் (மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் கருவி) எண்ணிக்கை, ஐஎம்யு (வண்டியின் திசையை உணரும் சிப்) காட்டும் கோணம், பேட்டரி வோல்ட், இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற பெயர். ஓட்டுகிறவர்கள் கையில் இருக்கும் டிரைவர் ஸ்டேஷன் திரையில் இவை ஓடிக்கொண்டிருந்தால் கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி திரையிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: லிஸ்ட்டில் நிரலின் பெயரே வரவில்லை

சின்ன விஷயம், சீக்கிரம் முடித்துவிடலாம். மாதிரி நிரலை நகலெடுத்தால் அதன் தலையில் 'டிஸேபிள்டு' என்ற வரி இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். கிளாஸுக்கு மேலே 'ஆட்டோனமஸ்' என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். அங்கே 'டெலிஆப்' (கேம்பேடில் ஓட்டும் நிரல்) என்று இருந்தால் பெயர் இன்னொரு பட்டியலில் போய் உட்கார்ந்திருக்கும். பிரவுசரிலேயே எழுதும் ஆன்பாட் ஜாவாவில் எழுதுகிறவர்கள் சேமித்ததோடு நிறுத்தாமல் பில்டு பட்டனையும் அழுத்த வேண்டும். அந்த ஹப்பில் உள்ள வேறொரு கோப்பில் பிழை இருந்தாலும் மொத்த பில்டும் நின்றுவிடும். உங்கள் கோப்பு சரியாக இருக்கிறதே என்று அதையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

அறிகுறி: இனிட் அழுத்தியதும் சிவப்பு எழுத்து

டிரைவர் ஸ்டேஷனில் இனிட் என்பது நிரலைத் தயார்செய்யும் பட்டன், பிளே என்பது அதை ஓடவைக்கும் பட்டன். 'அனேபிள் டு ஃபைண்ட் எ ஹார்ட்வேர் டிவைஸ்' என்று வந்தால், நிரலில் எழுதிய மோட்டார் பெயரும் கான்ஃபிகரேஷனில் (எந்தப் போர்ட்டில் எது என்று ஹப்புக்குச் சொல்லும் பட்டியல்) கொடுத்த பெயரும் ஒன்றாக இல்லை என்று பொருள். பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் அதற்கு வேறு பெயர்தான். பெயர்கள் சரியாக இருந்தும் இதே செய்தி வந்தால், எந்தக் கான்ஃபிகரேஷன் ஆக்டிவாக இருக்கிறது என்று பாருங்கள். பயிற்சி வண்டி, போட்டி வண்டி என்று இரண்டு வைத்திருக்கும் அணிகளில் இது அடிக்கடி நடக்கும்.

'டார்கெட் பொசிஷன் செட் ஆகவில்லை' என்ற பொருளில் பிழை வந்தால் வரிசை தப்பாக இருக்கிறது. முதலில் போக வேண்டிய இலக்கு எண், அதன் பிறகே ரன் டு பொசிஷன் (இலக்கு எண்ணிக்கை வரும்வரை மோட்டாரை ஓட்டும்) மோட், கடைசியாகப் பவர்.

அறிகுறி: பிளே அழுத்தும் முன்பே அசைகிறது

பிளேக்காகக் காத்திருக்கும் வெயிட் ஃபார் ஸ்டார்ட் வரிக்கு மேலே மோட்டாருக்குப் பவர் கொடுக்கும் வரி ஏதோ ஒன்று இருக்கிறது. வண்டியின் கையை மடக்கி வைக்கும் செர்வோ (சொன்ன கோணத்தில் போய் நிற்கும் சிறு மோட்டார்) இனிட்டிலேயே அசைவது வேறு கதை. அதை வேண்டுமென்றே செய்யலாம், ஆனால் அசைந்த பிறகும் வண்டி 18 அங்குலக் கனசதுரத்துக்குள் நிற்க வேண்டும். சக்கர மோட்டார் எதுவும் அந்த வரிக்கு மேலே வரவே கூடாது. வண்டியைத் தூக்கி வைக்கும் பிள்ளையின் விரல் சக்கரத்தில் மாட்டும். ஆகவே இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அறிகுறி: பிளே அழுத்தினால் சும்மா நிற்கிறது, நிரல் மட்டும் முடிந்துவிடுகிறது

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை நிற்பார்கள். வரி வரியாக மேலிருந்து கீழே ஓடும் லீனியர் ஆப்மோடில் கடைசி வரி முடிந்ததும் நிரல் முடிந்தது, எல்லா மோட்டாரும் நிறுத்தப்படும். மோட்டாருக்குப் பவர் கொடுத்துவிட்டு அடுத்த வரியே இல்லை என்றால், கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். வண்டிக்கு அசைய நேரமே கிடைத்திருக்காது.

ரன் டு பொசிஷனில் இதுவே வேறு முகத்தோடு வரும். 'முன்னே போ, திரும்பு, முன்னே போ' என்று மூன்று கட்டளை எழுதியிருப்பீர்கள், வண்டி மூன்றாவதை மட்டும் செய்யும். முதல் கட்டளை முடியும்வரை காத்திருக்கும் வைல் வளையம் (நிபந்தனை பொருந்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் வரிகள்) விடுபட்டிருப்பதே காரணம். மோட்டார் 'பிஸி'யாக இருக்கும்வரை அந்த வளையத்துக்குள் நிற்க வேண்டும். அந்த வளையத்தின் நிபந்தனையில் இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும், அவற்றைக் கீழே வேறொரு அறிகுறியில் சொல்கிறேன்.

அறிகுறி: நேரே போகச் சொன்னால் சுற்றுகிறது, அல்லது ஒரு சக்கரம் நிற்காமல் ஓடுகிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெளியே ஒரே மாதிரி தெரியும் நான்கு வேறு கோளாறுகள் இதற்குள் இருக்கின்றன.

முதலில் சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியை ஒரு மரக்கட்டையின் மேல் ஏற்றி வையுங்கள். ஒரு சின்ன சோதனை நிரல் எழுதி, கேம்பேடின் நான்கு பட்டனுக்கு நான்கு மோட்டாரைக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டி, சக்கரம் முன்னோக்கி உருள்கிறதா பாருங்கள். இடப்பக்க மோட்டாரும் வலப்பக்க மோட்டாரும் கண்ணாடியில் பார்த்ததுபோல எதிரெதிராக மாட்டப்பட்டிருக்கும். அதனால் ஒரு பக்கத்துக்கு நிரலில் ரிவர்ஸ் கொடுத்தாக வேண்டும். எந்தப் பக்கம் என்பது உங்கள் கியர் அமைப்பைப் பொறுத்தது, அதை இந்தச் சோதனையே சொல்லிவிடும்.

அடுத்து பவரை விட்டுவிட்டு, கையால் ஒவ்வொரு சக்கரத்தையும் முன்பக்கமாக உருட்டுங்கள். திரையில் அந்தச் சக்கரத்தின் எண்ணிக்கை ஏற வேண்டும். வேறொரு சக்கரத்தின் எண்ணிக்கை மாறினால் என்கோடர் வயர் இடம் மாறியிருக்கிறது. ஹப்பில் ஒவ்வொரு மோட்டார் போர்ட்டுக்கும் தனி என்கோடர் போர்ட் உண்டு, எண் பார்த்துச் செருக வேண்டும். ஒரே பக்கத்து இரண்டு சக்கரத்தின் வயர் மாறியிருந்தால் நேரே ஓடும்போது இந்தக் கோளாறு வெளியே தெரியாது, ஏனென்றால் இரண்டு எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஏறும். மெக்கனம் வண்டி பக்கவாட்டில் போகும்போதுதான் மாட்டும்.

சக்கரம் முன்னே உருள எண்ணிக்கை இறங்கினால், அதுதான் 'நிற்காமல் ஓடும்' கோளாறு. ரன் டு பொசிஷன் என்ன செய்கிறது? இலக்கு 1000, இப்போது 0, இன்னும் 1000 போக வேண்டும் என்று முன்னே தள்ளும். எண்ணிக்கை கழித்தல் 100 ஆகிறது. இன்னும் 1100 போக வேண்டுமா என்று மேலும் தள்ளும். இலக்கு விலகிக்கொண்டே போகும், மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் எல்லோரும் நிரலில் ரிவர்ஸ் மாற்றிப் பார்ப்பார்கள். அதனால் பயன் இல்லை. ரிவர்ஸ் என்பது பவரையும் எண்ணிக்கையையும் சேர்த்தே திருப்பிவிடும், இரண்டுக்கும் நடுவில் உள்ள முரண்பாடு அப்படியே நிற்கும். கோளாறு வயரில் இருக்கிறது. பவர் வயரில் சிவப்பும் கறுப்பும் எங்கோ மாறியிருக்கிறது. கடையில் வாங்கிய வயரில் இது அபூர்வம். நீளம் போதவில்லை என்று நாமே கிரிம்ப் செய்து நீட்டிய வயரை முதலில் பாருங்கள். டவுன்ஹால் ரோட்டில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி அணியின் பெட்டியில் போட்டுவையுங்கள். கன்டினியூட்டி பார்த்தால் மாறிய இடம் அங்கேயே தெரிந்துவிடும்.

நான்காவது, மெக்கனம் சக்கரம் (சாய்ந்த உருளைகள் உள்ள, பக்கவாட்டிலும் போகவிடும் சக்கரம்) மாட்டியவர்களுக்கு. வண்டிக்கு மேலே நின்று பார்த்தால் நான்கு சக்கரத்தின் உருளைகளும் சேர்ந்து பெருக்கல் குறிபோலத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாவிட்டால் பக்கவாட்டில் போகச் சொல்லும்போது வண்டி சுற்றும் அல்லது அதிரும். நிரலில் தேட வேண்டாம், சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள்.

அறிகுறி: தூரம் சரியாக வரவில்லை

தூரம் தப்பாக வருவதில் மூன்று வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் கை வைத்தால் நாள் முழுதும் போய்விடும். டேப் எடுத்து அளந்துகொள்ளுங்கள். போட்டிக் களத்தில் விரிக்கும் டைலில் ஒரு டைல் தூரம் போகச் சொல்லி அளங்கள், பிறகு மூன்று டைல். இரண்டையும் பலமுறை செய்து எழுதிவையுங்கள்.

ஒரு டைலில் 3 செ.மீ. குறைந்து, மூன்று டைலில் 9 செ.மீ. குறைந்தால், தவறு விகிதத்தில் இருக்கிறது. கணக்கில் உள்ள மாறிலி தப்பு. கோபில்டாவின் 312 ஆர்பிஎம் மோட்டார் ஒரு சுற்றுக்கு 537.7 எண்ணிக்கை தரும். 96 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 301.6 மி.மீ. போட்டிக் களத்தின் ஒரு டைல் 24 அங்குலம், அதாவது 609.6 மி.மீ. ஆக ஒரு டைலுக்கு ஏறத்தாழ 1087 எண்ணிக்கை. உங்கள் மோட்டாரின் எண் வேறாக இருக்கலாம். அடுத்த அணியின் நிரலில் இருந்து எடுத்த எண்ணைப் போடாதீர்கள், மோட்டாரின் விவரத்தாளைப் பாருங்கள். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பெல்ட்டோ கியரோ இருந்தால் அதன் விகிதத்தையும் பெருக்க வேண்டும்.

இரண்டிலும் ஒரே 3 செ.மீ. என்றால் கிளம்பும்போதோ நிற்கும்போதோ சக்கரம் வழுக்குகிறது. பவரைக் குறையுங்கள், அல்லது கடைசிக் கொஞ்ச தூரத்தில் மெதுவாக்குங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் அது தரை, சக்கரம், பேட்டரி ஆகியவற்றின் வேலை. நம் ஊரில் தரைக்குத் தனி கவனம் வேண்டும். பள்ளிக்கூட ஹாலில் மொசைக் தரை, போட்டியில் மெத்தென்ற ஃபோம் டைல். மொசைக்கில், அதுவும் சித்திரை மாதத்துப் புழுதி படிந்த மொசைக்கில், பழகிய எண்கள் ஃபோமில் செல்லாது. 12 அடிக்கு 12 அடி முழுக் களம் போட 36 டைல் வேண்டும், அது எல்லா அணிக்கும் முடிகிற காரியமில்லை. முடியாதவர்கள் குழந்தைகள் விளையாடும் கோத்துப்போடும் ஃபோம் விரிப்பை நான்கைந்து வாங்கி, ஆட்டோ போகும் பாதையில் மட்டும் விரித்துப் பழகுங்கள். போட்டி டைல் மாதிரியே இருக்காது, ஆனாலும் மொசைக்கைவிடப் பல மடங்கு மேல்.

பக்கவாட்டு ஓட்டத்தில் மெக்கனம் சக்கரம் முன்னோட்டத்தைவிடக் குறைவாகவே போகும். அதற்கென்று தனியாக அளந்து தனிப் பெருக்கெண் வையுங்கள். முன்னோட்டத்தின் எண்ணையே இரண்டுக்கும் போட்டுக்கொண்டு சரிசெய்யப் பார்த்தால் ஒன்றைத் திருத்த இன்னொன்று கெடும்.

அறிகுறி: காலையில் சரியாக ஓடியது, மாலையில் இல்லை

பேட்டரி. ஆனால் பேட்டரியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது, நிரலிலும் பாதிக் காரணம் இருக்கிறது.

'0.5 பவரில் 2 விநாடி ஓடு' என்று எழுதியிருந்தால், அந்த 0.5 என்பது அந்த நேரத்துப் பேட்டரி வோல்ட்டில் பாதி. 12 வோல்ட் நிக்கல் பேட்டரி முழுதாக ஏறியதும் 13 வோல்ட்டுக்கு மேலே நிற்கும், நாலைந்து ஓட்டத்துக்குப் பிறகு இறங்கும். அதே 2 விநாடியில் போகும் தூரமும் இறங்கும். நேரத்தை நம்பி எழுதிய ஆட்டோவை எத்தனை முறை திருத்தினாலும் அது நிலைக்காது. என்கோடரைப் பார்த்து வேகத்தைக் காக்கும் ரன் யூசிங் என்கோடர் மோட், அல்லது ரன் டு பொசிஷனுக்கு மாற்றுங்கள். முதல் நாளே மாற்றுவது நல்லது, பின்னால் மாற்றினால் எல்லாத் தூரத்தையும் மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.

இனி பேட்டரி. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று காலையில் சார்ஜரில் போட்ட பேட்டரி பாதியில் நின்றிருக்கும். கரண்ட் திரும்பி வந்ததும் சில சார்ஜர்கள் தானாகத் தொடங்காது. சார்ஜரில் இருந்தது என்பதற்காக ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள். தகரக் கூரைக்கு அடியில் மே மாதத்தில் பழகும் அணிகளுக்கு இன்னொன்று: ஓடி முடித்த சூட்டோடு பேட்டரியைச் சார்ஜில் போடக்கூடாது. தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை என்ற பிறகு போடுங்கள். பேட்டரிக்கெல்லாம் எண் ஒட்டி, எந்த எண் பேட்டரியில் எந்த ஓட்டம் என்று குறித்துவந்தால் சோர்ந்துபோன பேட்டரி சீக்கிரம் அகப்பட்டுவிடும்.

அறிகுறி: 90 பாகை திரும்பச் சொன்னால் எங்கோ திரும்புகிறது

நிரலைத் திறக்கும் முன் வண்டியைக் கையால் இடப்பக்கமாக, அதாவது கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில், கால் சுற்று திருப்புங்கள். திரையில் யா கோணம் (இடவலமாகத் திரும்பும் கோணம்) 90 கூட வேண்டும். யா அசையாமல் பிட்சோ (முன்பின் சாய்வு) ரோலோ (பக்கச் சாய்வு) மாறினால், ஹப்பை எப்படி மாட்டியிருக்கிறீர்கள் என்று நிரலுக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள். லோகோ எந்தப் பக்கம், யுஎஸ்பி எந்தப் பக்கம் என்ற இரண்டு வரியைச் சரிபாருங்கள். இடம் போதவில்லை என்று ஹப்பை நிமிர்த்தி மாட்டும் அணிகள் இந்த வரிகளை மாற்ற மறந்துவிடும். கோணமே வராவிட்டால், பழைய ஹப்புகளில் ஐஎம்யு பிஎன்ஓ055 சிப், புதியவற்றில் பிஹெச்ஐ260ஏபி என்பதை நினைவில் வைத்து, கான்ஃபிகரேஷனில் சரியானதுதான் தேர்வாகியிருக்கிறதா பாருங்கள்.

சின்னத் திருப்பம் போதும் என்கிற இடத்தில் வண்டி பெரிய வட்டம் போட்டு வந்தால் அது கணக்குப் பிழை. யா கோணம் 180-ஐத் தொட்டதும் கழித்தல் 180-க்குத் தாவும். 170-இல் நிற்கும் வண்டியைக் கழித்தல் 170-க்குப் போகச் சொன்னால் 20 பாகை திரும்பினால் போதும். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் விடை கழித்தல் 340, வண்டியும் அப்படியே சுற்றும். வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் 360-ஐக் கழிக்கவும், கழித்தல் 180-க்குக் கீழே போனால் 360-ஐக் கூட்டவும் இரண்டு வரி எழுதுங்கள்.

திருப்பமெல்லாம் சரி, ஆனாலும் போய்ச் சேரும் இடம் தள்ளிப்போகிறதா? வண்டியை வைத்த விதத்தைப் பாருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடப்பவருக்கு முதல் அடியின் திசை எப்படியோ, ஆட்டோவில் வண்டிக்கும் அப்படி. 2 பாகை கோணலாக வைத்தால் மூன்று டைல் போவதற்குள் 6 செ.மீ.க்கு மேல் விலகிவிடும். கண் மதிப்பில் வைக்காதீர்கள், சட்டகத்தின் ஒரு முனையைச் சுவரிலோ டைல் கோட்டிலோ ஒட்டி வையுங்கள். இனிட்டுக்கும் பிளேக்கும் நடுவில் யாராவது வண்டியை நகர்த்தினால் கணக்கு கெடும் என்பதால், யாவைப் பூஜ்ஜியமாக்கும் வரியை வெயிட் ஃபார் ஸ்டார்ட்டுக்கு அடுத்து வையுங்கள்.

அறிகுறி: ஸ்டாப் அழுத்தினாலும் நிற்கவில்லை, ஆப் மறுபடி தொடங்குகிறது

'ஸ்டக் இன் ஸ்டாப்' என்ற செய்தி வந்திருக்கும். நிரலில் ஒரு வைல் வளையம் வெளியே வர வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன காத்திருப்பு வளையத்தில் சேர்க்க வேண்டிய இரண்டில் முதலாவது இதற்குத்தான்: நீங்கள் எழுதும் எல்லா வளையத்திலும் 'ஆப்மோட் இஸ் ஆக்டிவ்' நிபந்தனை இருக்க வேண்டும்.

இரண்டாவது, நேர வரம்பு. தூக்கும் கை எதிலோ முட்டி, இலக்குக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டால் மோட்டார் எப்போதும் 'பிஸி'யாகவே இருக்கும். 30 விநாடியில் மீதி இருப்பதெல்லாம் அங்கேயே கழியும், மோட்டாரும் சூடேறும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நேரம் கொடுங்கள். 2 விநாடியில் கை ஏறவில்லையா, அதை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகட்டும். ஒரு கட்டம் தவறினாலும் மீதிப் புள்ளிகள் கிடைக்கும் ஆட்டோவைத்தான் நான் நல்ல ஆட்டோ என்பேன்.

அறிகுறி: நம் ஹாலில் கேமரா டேக்கைப் பார்த்தது, போட்டி இடத்தில் பார்க்கவில்லை

டேக் என்பது வண்டி தன் இடத்தைக் கண்டுகொள்ளக் களத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டப் படம். இனிட் அழுத்திய நிலையில் டிரைவர் ஸ்டேஷனில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து 'கேமரா ஸ்ட்ரீம்' எடுங்கள். கேமரா பார்ப்பதை நீங்களும் பார்க்கலாம். மேற்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் நேரே டேக்கில் அடித்தால் வெள்ளையும் கறுப்பும் வெளுத்து ஒன்றாகிவிடும். மண்டபம் போன்ற இடங்களில் டேக்குக்குப் பின்னால் பிரகாசமான விளக்கு இருந்தாலும் படம் இருண்டுபோகும்.

நின்றால் தெரிகிறது, ஓடினால் தெரியவில்லை என்றால் படம் மங்கி இழுபடுகிறது. எக்ஸ்போஷரை (கேமரா ஒளி வாங்கும் நேரம்) தானியங்கியில் விடாமல் குறைத்து, கெயினை (படத்தைப் பிரகாசமாக்கும் அளவு) கூட்டுங்கள். டேக்கை நோக்கி ஓட்டும் மாதிரி நிரலில் 6 மில்லி விநாடியும் 250 கெயினும் கொடுத்திருக்கிறார்கள், அங்கிருந்து தொடங்கலாம். போட்டி நாளில் பயிற்சி நேரம் கிடைத்ததும் முதல் வேலையாக இந்த இரண்டு எண்ணையும் அந்த இடத்து வெளிச்சத்தில் சரிபாருங்கள். டேக் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதும் நிரலில் இருக்க வேண்டும், என்கோடர் கணக்கை வைத்தாவது போய்ச் சேரட்டும்.

அறிகுறி: பாதி ஆட்டத்தில் செத்துவிடுகிறது

வேறொரு வண்டியோடு மோதியதும் இணைப்பு போனால் முதலில் பேட்டரி கனெக்டர், அடுத்து மெயின் சுவிட்ச், பிறகு ஹப்புக்கு வரும் மஞ்சள் எக்ஸ்டி30 கனெக்டர். ஆட்டிப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கும் நொடியில் மட்டும் ஹப் ரீஸ்டார்ட் ஆனால் வோல்ட் அந்த நொடியில் தாழ்ந்துபோகிறது. டெலிமெட்ரி வோல்ட்டைக் கவனித்தால் தெரியும்.

30 விநாடி கடந்தும் வண்டி ஓடிக்கொண்டே இருந்தால், டிரைவர் ஸ்டேஷனில் டைமர் அடையாளம் அணைந்திருக்கிறது. நடுவர் தண்டப் புள்ளி போடும் முன் அதை இயக்கி வையுங்கள். சிவப்பு அணிக்கு நீல ஆட்டோவை எடுத்து எதிர்ப்பக்கம் ஓடிய வண்டிகளும் உண்டு. இனிட் நிலையிலேயே 'சிவப்பு' அல்லது 'நீலம்' என்று திரையில் பெரிதாக எழுதும்படி செய்து, கேம்பேடு பிடிக்கும் இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லட்டும்.

என்ன செய்தும் காரணம் பிடிபடாத ஓட்டத்துக்கு லாக் கோப்பு இருக்கிறது. லேப்டாப்பை ஹப்பின் வைஃபையில் சேர்த்து, பிரவுசரில் 192.168.43.1:8080 என்று அடித்து, 'மேனேஜ்' பக்கத்தில் லாக்கை இறக்கிக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்து பேட்டரியைக் கழற்றும் முன் நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். லாக்கில் வரிக்கு வரி நேரம் இருக்கும், ஆனால் ஹப்பின் கடிகாரமும் உங்கள் கைக்கடிகாரமும் ஒன்றாக ஓடுவது அரிது. வித்தியாசத்தையும் சேர்த்துக் குறித்தால் தேட வேண்டிய வரி சீக்கிரம் கிடைக்கும்.